லேஞ்சி சிக்கிய இடம்

கஜன் போன கிழமை என் கைபேசிக்கு மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றும் பிளாஸ்மா வெட்டும் இயந்திரங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், மற்றது பார்வைக்குப் பாண் என்கிற ரொட்டியை வாட்டும் பெட்டி மாதிரி. படங்களின் பின்னால் அவனுடைய குரலும் வந்தது.

"றெஜினா அக்கா, நுணுக்க வேலைக்கு உதுகளிலை எதை எடுக்கிறது? கெதியாச் சொல்லுங்கோ, கடைக்காரன் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

நிற்கட்டும். அவசரப்படுத்துகிற கடைக்காரனிடம் மீன்கூட வாங்கக் கூடாது, இயந்திரம் எப்படி வாங்குவது?

கஜன் இப்போது நடத்தும் பட்டறை யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில், கடலேரிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. நான் இருந்த காலத்தில் ஜெயசிங்கம் அண்ணை நடத்தினார். கேற், யன்னல் கிறில், படிக் கைபிடி என்று இரும்பில் எது கேட்டாலும் செய்து கொடுப்போம். அதில் தகடு வெட்டுகிற ஆள் நான். கண்ணில் புரை விழுந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு, இனி நெருப்பைப் பார்க்கிற வேலை வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது அடுப்பு நெருப்பை மட்டும் பார்க்கிறேன். அதிலும் சிலவேளை மீன் கருகிப்போகிறது.

கஜனுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்: சின்னதை எடு. ஆனால் அவன் உடனே, "பெரிசை எடுத்தால் தடிப்பு, நுணுக்கம் ரெண்டு வேலைக்கும் காணுமே அக்கா" என்பான். நாங்களும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தோம். அது பிழை என்று எங்களுக்குக் காட்டியது கிறேஸ் ரீச்சரின் விரல். ஆகவே கதையை முழுவதாகவே எழுதி அனுப்புகிறேன். பட்டறையில் மற்றவர்களும் வாசிக்கட்டும்.

பிளாஸ்மா என்றதும் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். அமுக்கிய காற்றை ஒரு சின்னத் துளையால் விட்டு, அதற்குள் மின்சாரத்தை ஓட்டினால், காற்றே நெருப்பாகி இரும்பை உருக்கி ஊதித் தள்ளும். துளை இருக்கும் மூக்கை நொசில் என்போம். பிடிக்கும் கைப்பிடி ரோர்ச். இவ்வளவும் தெரிந்தால் மிச்சம் விளங்கும்.

நான் குருநகர்ப் பிள்ளை. எங்கள் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் வலை பொத்துவார்கள். என் மனுசனுக்கு முதுகு விழுந்து கடல் வேண்டாம் என்று ஆனபோது, போர் ஓய்ந்து, ஏ-ஒன்பது பாதை திறந்து ஊரெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கேற்றுக்கு நிறம் பூச ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலில் தூரிகை, பிறகு துருத் தேய்ப்பு, பிறகு கிரைண்டர், கடைசியில் வெட்டு. பட்டறைக்குள் ஒரு பொம்பிளை நிற்கிறாள் என்று ஒழுங்கையால் போகிறவர்கள் தொடக்கத்தில் சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

ஜெயசிங்கம் அண்ணை மெதடிஸ்த குடும்பத்து ஆள், மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இரும்புப் பட்டறைக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து, பின்னேரம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். "நீ" என்று கூப்பிடுகிற ஆளை "நீங்கள்" என்பார். யாரையாவது "நீங்கள்" என்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கு மத்தியானச் சோறு இறங்காது.

ஒரு வேலை முடிந்தால் அவர் அதைப் பார்ப்பதில்லை. சேட்டுப் பையில் மடித்து வைத்திருக்கும் லேஞ்சியை எடுப்பார். கைக்குட்டையைத்தான் சொல்கிறேன், எங்களுக்கு அது லேஞ்சி. அதை உதறி, வெட்டிய விளிம்பில் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல இழுத்துக்கொண்டு போவார். பிறகு தகட்டின் பின்பக்கமும் அப்படியே. எங்கேயாவது நூல் சிக்கினால் நிற்பார். லேஞ்சியைச் சிக்கிய இடத்திலேயே தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார். நாங்கள் அந்த இடத்தை அரத்தால் ராவி, லேஞ்சியைக் கழற்றி, மடித்து, அவருடைய மேசையில் வைக்க வேண்டும். "கேற்றைத் திறக்கிறது கண் இல்லை, கை" என்பது அவருடைய ஒரே பிரசங்கம். பிய்ந்த லேஞ்சிகளின் ஓரத்தைத் தைத்துத் திருப்பி அனுப்புகிறவர் அவருடைய மனைவி கிறேஸ் ரீச்சர்.

எங்களிடம் இருந்த பிளாஸ்மா அண்ணையின் மச்சான் ஜேர்மனியிலிருந்து அனுப்பியது. நூறு அம்பியர். இரண்டு பேர் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். தடித்த இரும்பைப் பாண் மாதிரி அறுக்கும். பெரிசு இருந்தால் சின்ன வேலைக்கும் போதும் என்று எல்லோரும் நம்பினோம். யாழ்ப்பாணத்தார் தண்ணீர்த் தாங்கி வாங்கினாலும் அப்படித்தான், கலியாண வீட்டுக்குக் கிடாரம் எடுத்தாலும் அப்படித்தான். கேற்றுக்கு அது போதுமாகத்தான் இருந்தது. பெரிய இலை, பெரிய பூ, ஓரத்தில் கிரைண்டரைக் காட்டினால் வேலை முடிந்துவிடும்.

கிறேஸ் ரீச்சர் பள்ளிக்கூடத்தால் இளைப்பாறியவர். ரேந்தை, அதாவது நூல் லேஸ், பின்னுவதில் அவருக்கு ஈடில்லை. கோயில் மேசை விரிப்பின் ஓரம், ஞானஸ்நானச் சட்டையின் கழுத்து என்று அவர் கைபடாத வீடு அந்தச் சபையில் இல்லை. அவருக்குச் சீனி வருத்தம். அது முதலில் காலைத் தொட்டது, பிறகு கண்ணுக்கு ஏறியது. ஒருநாள் அறையிலிருந்து குசினிக்குப் போகும்போது படியைக் காணாமல் விழுந்து கன்னம் கன்றிப்போனது. கண் இனித் திரும்பி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சுகந்தி. கனடாவில் இருக்கிறாள். தாய் விழுந்த செய்தி கேட்டதும் அவள் முடிவெடுத்துவிட்டாள். ஓகஸ்ட் லீவுக்கு வருவாள், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தாய் தனியே விழுந்து கிடக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டு அந்தத் தூரத்தில் ஒரு பிள்ளை எப்படி நித்திரை கொள்வாள்? ஆனால் போனால் திரும்பி வரமாட்டோம் என்று அண்ணைக்கும் ரீச்சருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு காலை அண்ணை என் மேசைக்கு வந்து நின்றார். "பிள்ளை, எனக்கு ஒரு வேலை செய்து தருவியோ?" என்று கேட்டார். முதலாளி வாடிக்கையாளர் மாதிரி வந்து நின்றது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதிக்குப் பக்கத்தில் அவர்களுடைய வீடு. நீள விறாந்தை. ஒரு பக்கம் படுக்கை அறை, நடுவில் குளியலறை, முடிவில் குசினி. அந்தச் சுவர் நெடுக, கை உயரத்தில், இரும்பில் ஒரு பட்டி வேண்டும் என்றார். ரீச்சரின் ரேந்தை மாதிரி வெட்டிய பட்டி.

"ஒரு பைப்பை அடிச்சால் காணாதோ அண்ணை?"

"பைப் எல்லா இடமும் ஒரே மாதிரி, றெஜினா. அவ எங்கை நிக்கிறா எண்டு அது சொல்லாது." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "உது என்ரை யோசினை இல்லை, அவவின்ரை. 'என்ரை வீட்டிலை ஆரின்ரையும் கையைப் பிடியாமல் நான் நடந்து காட்டினால் சுகந்தி என்ன செய்வாள்' எண்டு கேக்கிறா."

அறை வாசலில் ஒரு நட்சத்திரம், குளியலறையில் ஒரு மீன், குசினிப் படிக்கு முன்னால் ஒரு திராட்சைக் குலை, எங்கள் பேச்சில் முந்திரிகை. இடையில் எல்லாம் வெறும் பின்னல். இதுதான் ரீச்சர் கேட்டது. நட்சத்திரத்தைத் தொட்டால் அறை, முந்திரிகையைத் தொட்டால் படி வருகிறது, காலைப் பார்த்து வை.

நான் அவருடைய பழைய ரேந்தை ஒன்றை வாங்கித் தகட்டில் வைத்துக் கீறினேன். அதன் பூக்களுக்கு நடுவில் மீனையும் முந்திரிகையையும் நானே வரைந்தேன். எங்கள் நூறு அம்பியர் இயந்திரத்தை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைத்து, முதல் துண்டை வெட்டினேன். வெட்டி முடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கியபோது நிலத்தில் ரேந்தையின் நிழல் விழுந்தது. பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அண்ணையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய கை சேட்டுப் பைக்குப் போகவேயில்லை.

"கிறேசைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று ஓட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

ரீச்சர் வந்தார். கதிரையில் இருத்தி மடியில் துண்டை வைத்தோம். சிரித்த முகத்தோடு விரல்களை அதன்மேல் வைத்தார். ஒரு பூவைச் சுற்றி, துளைக்குள் விரலை விட்டு, பின்பக்கம் தடவினார். சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"ஆர் இதை வெட்டினது?"

"நான்தான் ரீச்சர்."

"பிள்ளை, இது ரேந்தை இல்லை. அலம்பல் வேலி."

ஊரில் முள்ளுக் கொப்பால் அடைக்கிற வேலி அது. பட்டறையில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவருடைய விரல் நுனியில் இரத்தம் வந்திருந்தது. சீனி வருத்தக்காரருக்குக் காயம் இலேசில் ஆறாது. அண்ணை அப்போதுதான் லேஞ்சியை எடுத்தார். அதை ரீச்சரின் விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தார். "ஜெயசிங்கம், நீங்கள் லேஞ்சி போட்டுப் பாக்கேல்லை" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அவர் தன்னையே "நீங்கள்" என்றதை அன்றுதான் கேட்டேன்.

ரீச்சர் மறுகையால் துண்டை இன்னொருமுறை தடவினார், இந்த முறை மேலால் மட்டும். "இது மீனோ, முந்திரிகையோ? எனக்கு ரெண்டும் ஒரே கும்பலாக் கிடக்கு. இது கண்ணுக்கு வெட்டினது, பிள்ளை."

பிழை எங்கே என்று பிறகு விளங்கியது. பெரிய இயந்திரத்தின் நொசில் துளை பெரியது. மின்சாரத்தைக் குறைத்தாலும் துளை குறையாது. அகன்ற துளைக்குள் மெல்லிய நெருப்பு நிலையில்லாமல் அலையும். வெட்டு அகலமாகும், பூவிதழின் நுனி உருகி மழுங்கும், ஊதித் தள்ளப்படாத இரும்பு தகட்டின் அடியில் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசடுதான் ரீச்சரின் விரலைக் கிழித்தது. கேற்றில் என்றால் கிரைண்டரால் தேய்ப்போம். ரேந்தைத் துளைக்குள் கிரைண்டர் போகாது. ஒவ்வொரு துளைக்குள்ளும் அரத்தை விட்டு ராவினால் சுகந்தி வந்து, கூட்டிக்கொண்டு போய், பேரப்பிள்ளைக்குக் கலியாணமும் முடிந்துவிடும்.

"வேறை மெசின் வேணும் அண்ணை" என்றேன்.

"நீ போய்ப் பார். வெட்டுற கை உன்ரை" என்றார். பையிலிருந்து புது லேஞ்சி ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். "இதையும் கொண்டு போ."

யாழ்ப்பாணம் ரவுனில் கடை கடையாக ஏறினேன். எல்லோரும் அம்பியரைத்தான் சொன்னார்கள். "அக்கா, இது அறுபது. இது எண்பது." நான், "எவ்வளவு குறைக்கலாம்?" என்று கேட்டேன். லொறி வாங்க வந்தவள் இது எவ்வளவு மெதுவாக ஓடும் என்று கேட்டமாதிரி என்னைப் பார்த்தார்கள். வெட்டிப் பார்க்க விடுவீர்களா என்று கேட்டால், பெட்டி உடைத்தால் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒருவர், "வீட்டிலை ஆம்பிளையள் ஒருதரும் இல்லையோ?" என்று கேட்டார். "இருக்கினம், அவைக்கு உது விளங்காது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடைசியில் சாவகச்சேரியில், சந்தைக்குப் பின்னால் ஒரு கடை. கடைக்காரர் வயதானவர், அவசரமில்லாதவர். நான் அரிசிப் பையிலிருந்து என்னுடைய இரண்டு மில்லிமீற்றர் தகட்டை எடுத்ததும், தானே வயரை இழுத்துச் செருகித் தந்தார். மூன்று இயந்திரங்களில் வெட்டினேன். சட்டைப் பொத்தான் அளவில் துளை, துளைக்குப் பக்கத்தில் துளை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்று இரும்பு. பிறகு லேஞ்சியைப் போட்டு இழுத்தேன்.

முதலாவதில் நூல் சிக்கியது. இரண்டாவது நன்றாகத்தான் வெட்டியது, ஆனால் முன்பே வெட்டிய துளைக்கு மேலால் போகும்போது நெருப்பு அறுந்து அறுந்து போனது. ரேந்தை என்றாலே துளைதானே. வெறுமையைக் கடந்து போகும்போதும் எரிந்துகொண்டிருக்கும் நெருப்பு வேண்டும். மூன்றாவது நாற்பது அம்பியர்க்காரன். இருபதுக்குக் கீழே இறக்கினாலும் அசையாமல் எரிந்தான். அவனுக்கென்று மெல்லிய துளை நொசில் தனியாக இருந்தது. அது தகட்டைத் தொட்டுக்கொண்டே ஓடக்கூடியது, பேனா மாதிரி. நொசில் தேய்ந்தால் அடுத்தது அதே கடையில் கிடைக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். மூன்றாவது தகட்டில் லேஞ்சி முன்னுக்கும் பின்னுக்கும் போய் வந்தது.

பள்ளிக்கூடப் பைக்கட்டு அளவுதான் அந்த இயந்திரம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் தம்பி, "என்னம்மா, தையல் மெசினோ?" என்று கேட்டான். "ஓம் தம்பி, இரும்புத் தையல்" என்றேன்.

இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். சாவகச்சேரியில் பட்டு மாதிரி வெட்டிய நெருப்பு, கொழும்புத்துறைக்கு வந்ததும் எச்சில் துப்பத் தொடங்கியது. நொசில் ஒருநாள்கூடத் தாங்காமல் வாய் பிளந்தது. காரணம் எங்கள் காற்று. கடலேரிக் காற்று ஈரம். கொம்பிரசருக்குள் அமுங்கிச் சூடாகி, குழாய்க்குள் போய்த் தண்ணீராகிறது. தண்ணீர் கலந்த காற்றால் எந்தக் கொம்பன் இயந்திரமும் நுணுக்கமாக வெட்டாது. கஜன், இதைக் கவனமாகக் கேள். இயந்திரத்தின் படத்தை மட்டும் அனுப்பி எது நல்லது என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது. உன்னுடைய காற்றின் படத்தையும் அனுப்பு.

அதற்குக் குருநகரில் மருந்து இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு வைக்கும் செப்புக் குழாயைச் சுருளாக்கி ஒரு வாளிக்குள் இறக்கினேன். வாளி நிறைய, மீன் பெட்டிக்குப் போடுகிற உடைத்த ஐஸ். கொம்பிரசர் காற்று அந்தச் சுருளுக்குள்ளால் வரும்போது குளிர்ந்து, தண்ணீரை அங்கேயே கக்கிவிடும். அடுத்து நிற்கும் வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த காற்று மட்டும் ரோர்ச்சுக்குப் போகும். ஒவ்வொரு காலையும் என் மச்சான் படகுக்கு ஐஸ் எடுக்கும்போது எனக்கும் ஒரு பெட்டி கொண்டுவந்து இறக்கினார்.

அண்ணை வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நெருப்புக்கு ஐஸ் வைக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

இயந்திரம் சரி, காற்று சரி. மிச்சம், பார்த்து வெட்டுகிற மாதிரிப் பின்னல்தான். மெல்லிய நூல் ரேந்தையைக் கீறினால் மறுபடி கண்ணுக்குத்தான் வெட்டுவேன். விரல் வாசிக்க வேண்டுமென்றால் கோடு தடிப்பாகவும் இடைவெளி பெரிதாகவும் இருக்க வேண்டும். நான் வலைக்குப் பாவிக்கும் தடித்த நூல் பந்து ஒன்றை வாங்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். அதற்கேற்ற கொழுத்த பின்னல் ஊசி கடையில் இல்லை. அண்ணை பட்டறையில் ஒரு கம்பியை வளைத்து, ராவி, லேஞ்சியால் தேய்த்துத் தேய்த்து ஒன்று செய்திருந்தார்.

ரீச்சர் நூலை மூக்குக்கிட்டக் கொண்டுபோனார். "மீன் மணக்குது, பிள்ளை."

"புது நூல் ரீச்சர். மணக்காது."

"அப்ப உன்ரை கைதான்."

கண் மங்கிய பிறகு அவர் பின்னல் ஊசியைத் தொட்டதில்லையாம். மெல்லிய நூலில் கண்ணிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒருநாள் எல்லாவற்றையும் மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். இந்த நூல் தடிப்பு. ஒரு கண்ணியை விரல் தொட்டால் தெரிந்தது. முதல் வரிசையில் இரண்டு தரம் அவிழ்த்தார். பிறகு கை வேகம் பிடித்தது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அயலட்டைக் கதையெல்லாம் என்னோடு கதைத்தபடியே பின்னினார். வாசலில் நின்ற அண்ணை உள்ளே வராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை நான் கண்டேன். ரீச்சருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. "இஞ்சேருங்கோ, மூக்கை உறிஞ்சாமல் தேத்தண்ணி ஒண்டு போடுங்கோ" என்றார்.

நட்சத்திரம், மீன், முந்திரிகை, இடைப் பின்னல் எல்லாம் அவர் பின்னித் தந்தார். கஞ்சி போட்டு விறைக்கவைத்து, தகட்டின்மேல் விரித்து, மேலால் நிறத்தை விசிறினேன். பின்னலைத் தூக்கியதும் தகட்டில் அவருடைய வேலை அப்படியே பதிந்திருந்தது. நான் அதன் துளைகளை மட்டும் வெட்டி எடுத்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு கைப்பழக்கம். பிளாஸ்மா நெருப்பு நேராக வருவதில்லை, சுழன்று வரும். அதனால் நீ போகும் திசைக்கு வலப்பக்கத்து விளிம்பு நேராக நிற்கும், இடப்பக்கம் சரிந்துவிடும். கோயிலில் கேட்ட கதை மாதிரி செம்மறிகள் வலப்பக்கம், வெள்ளாடுகள் இடப்பக்கம். எங்களுக்கு வேண்டியது துளைக்கு வெளியே இருக்கும் இரும்பு. ஆகவே ஒவ்வொரு துளையையும் இடஞ்சுழியாகச் சுற்றி வர வேண்டும். நெருப்பை முதலில் ஊன்றும் இடமும் வீசப்போகும் துண்டின் நடுவில் இருக்க வேண்டும், விளிம்பில் ஊன்றினால் அந்த வடு கடைசிவரை போகாது.

மத்தியானத்தில்தான் வெட்டினேன். காலையும் மாலையும் ஊர் முழுக்கக் கிணற்று மோட்டர் போட்டுத் தாங்கி நிரப்பும் நேரம், கரண்ட் விழும். ஆனால் சுகந்தி வருகிற நாள் நெருங்கிவிட்டது. கடைசித் துண்டைப் பின்னேரத்தில் வெட்டவேண்டி வந்தது. பாதித் துளையில் நெருப்பு ஒருதரம் மயங்கி எழும்பியது. அந்த இடத்தை அரத்தால் ராவினேன், தடவிப் பார்த்தேன், சரியென்றுதான் பட்டது.

விறாந்தைச் சுவரில், விரல் பின்னாலும் போகும்படி சின்னக் கட்டைகள் வைத்து, பட்டியைப் பூட்டினோம். பூட்டி முடிந்ததும் அண்ணை லேஞ்சியை உதறினார். அறை வாசல் நட்சத்திரத்தில் தொடங்கினார். ரீச்சர் அறைக்குள் கட்டிலில் இருந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். துணி இரும்பில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மீனைக் கடந்தார். முந்திரிகைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது சத்தம் நின்றது.

நூல் சிக்கிவிட்டது. என் கரண்ட் விழுந்த இடம்.

எனக்கு முகம் கறுத்துப்போனது. அரம் எடுக்கத் திரும்பினேன்.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?" அறைக்குள்ளிருந்து ரீச்சரின் குரல். "எங்கை நிக்கிறியள்?"

"இஞ்சை, கிறேஸ். மீனுக்கும் முந்திரிகைக்கும் நடுவிலை."

"நில்லுங்கோ. அசையாதேங்கோ. வாறன்."

ரீச்சர் வெளியே வந்தார். நான் கைகொடுக்க ஓரடி வைத்தேன். அண்ணை கண்ணால் வேண்டாம் என்றார். ரீச்சரின் கை நட்சத்திரத்தைத் தொட்டது. பின்னலில் வழுக்கி வந்தது. மீனில் நின்று, வாலைத் தடவி, அது மீன்தான் என்று சிரித்தது. பிறகு நேரே வந்து, தொங்கிய லேஞ்சியில் முட்டி, அதன் மேலிருந்த அண்ணையின் கையைப் பிடித்தது.

"பிடிச்சிட்டன்" என்றார் ரீச்சர்.

அண்ணை அந்தக் கையை விடாமல் நின்றார். நான்தான், "ரீச்சர், அதிலை ஒரு சின்னப் பிசிறு. இப்பவே ராவி விடுறன்" என்றேன்.

அவர் அந்த இடத்தை விரலால் மெல்லத் தடவினார். "கூர்முனையை மட்டும் எடு, பிள்ளை. மேட்டை விடு. அரைவழி வந்திட்டன் எண்டு எனக்குத் தெரியட்டும்." அப்படியே செய்தேன். காயப்படுத்தாத ஒரு சின்ன மேடு, பயறு அளவில்.

சுகந்தி வந்தாள். வந்த அன்றே ரீச்சர், "இரு, தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று எழும்பினார். மகள் பின்னால் எழும்ப, "பின்னாலை வராதை" என்றார். நட்சத்திரம், மீன், மேடு, முந்திரிகை. படியில் காலைப் பார்த்து வைத்து இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கையில் கோப்பையோடு, மறுகை பட்டியில், அதே வழியால் வந்தார். கோப்பையிலிருந்து கொஞ்சம் சிந்தித்தான் இருந்தது. அதை அங்கே யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

சுகந்தி தேநீரைக் குடித்தாள். பிறகு அறை வாசலுக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, பட்டியில் கை வைத்து நடந்தாள். மீனில் நின்றாள். மேட்டில் நின்றாள். முந்திரிகைக்கு வந்ததும் கால் தானாகப் படியைத் தேடியது. அங்கேயே கண்ணைத் திறக்காமல் நெடுநேரம் நின்றாள். கன்னத்தால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, நான் தனியப் போயிட்டு வாறன்" என்றாள். "ஆனால் ஒவ்வொரு நாளும் ஃபோன் எடுப்பன். நீங்கள் எடுக்கேல்லையெண்டால் பிளேன் ஏறிடுவன்."

"எடுப்பன் மோனை. ஃபோன் மேசைக்கும் றெஜினாவைக் கொண்டு ஒரு பூ வெட்டுவிப்பம்" என்றார் ரீச்சர்.

ஆகவே கஜன், அந்தப் பாண் வாட்டும் பெட்டி மாதிரி இருக்கிறதே, அதைக் கேட்டுப் பார். மெல்லிய நொசில் இருக்கிறதா, குறைத்தால் அசையாமல் எரியுமா, துளைக்கு மேலால் அறுந்துபோகாமல் போகுமா என்று பார். நீ கொம்பியூட்டர் ஓட்டுகிற வெட்டு மேசையில் பூட்டப்போகிறாய் என்றால், நெருப்பு மூட்டும்போது கொம்பியூட்டரைக் குழப்பாத வகையா என்றும் கேள். உன்னுடைய தகட்டை நீயே கொண்டு போ. வெட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதே. போகும்போது லேஞ்சியை மறக்காதே.

அண்ணை கண்ணை மூடிய பிறகு சுகந்தி திரும்பவும் கூப்பிட்டாள். ரீச்சர் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவில் வந்து துணைக்குப் படுக்கிறாள், பகலில் ரீச்சர்தான் ராணி. கண் பார்வை இப்போது அறவே இல்லை.

முந்தநாள் பார்க்கப் போனேன். பட்டியின் நிறம் நெடுக அங்கங்கே தேய்ந்திருந்தது. அந்த மேட்டில் மட்டும் நிறமே இல்லை. இரும்பு வெள்ளி மாதிரி மினுங்கியது. அரைவழி என்று தெரிந்துகொள்ளத் தொட்டுவிட்டுப் போகிற விரலால் ஓரிடம் அப்படித் தேயாது.

"ரீச்சர், கஜன் புது மெசின் எடுக்கப் போறான். இந்தத் துண்டைக் கழட்டிட்டு வடிவா ஒண்டு வெட்டிப் பூட்டச் சொல்லட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. அதிலை அவர் நிக்கிறார்."

சொல்லிவிட்டு எழும்பினார், தேநீர் போட. நான் பின்னால் போகவில்லை. கை நட்சத்திரத்தைக் கடந்தது, மீனைக் கடந்தது, மேட்டுக்கு வந்து நின்றது. அங்கே சுவரைப் பார்த்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அது எனக்குச் சொன்னதல்ல, ஆகவே நான் காது கொடுக்கவில்லை. பிறகு முந்திரிகை, படி.

"றெஜினா," குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார், "உனக்குச் சீனி போடலாமோ?"